செய்தி உரைநடையும் சொல்லறமும்

ஒரு மொழியின் உரைநடையை ஆராயப் புகுவோர் நாவலையும் சிறுகதையையும் கட்டுரையையும் எடுத்துக்கொள்ளுதல் வழக்கம். நாள்தோறும் பல்லாயிரவர் படிக்கும் செய்தி உரைநடையோ ஆராய்ச்சியாளரின் கண்ணிற் பெரும்பாலும் படுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் வழுவற்ற தமிழ் உரைநடைக்கு வழிகோலினார். அவ்வுரைநடையின் மிகப் பரந்த களமாகப் பின்னாளில் அமைந்தது செய்தித்தாளே. நாவலைப் படியாதார் பலர் உளர். செய்தியை ஒருவாற்றானும் அறியாதார் இலர். ஆதலின், ஒரு சமுதாயம் எதனைக் குற்றமெனக் கருதுகின்றது, யாரைக் குற்றவாளியெனக் கருதுகின்றது என்பவற்றை அறிதற்கு அதன் காவியங்களினும் செய்தித்தாள்களே தெளிவான சான்றாகும். பெண்கள்மீது நிகழும் பாலியல் வன்முறையைத் தமிழ்ச் செய்தி உரைநடை எவ்வாறு எடுத்துரைக்கின்றது என்னும் வினா இவ்வகையில் ஆராயத்தக்கது. அது சொல்லாட்சி பற்றிய வினா மட்டுமன்று. நீதி பற்றிய வினாவுமாகும்.

இத்துறையில் முதற்கண் ஆராயவேண்டிய சொல் ‘கற்பழிப்பு’ என்பது. பல பத்தாண்டுகளாகத் தமிழ்ச் செய்தித்தாள்கள் இக்குற்றத்தைக் குறிக்க இச்சொல்லையே வழங்கி வந்தன. இன்றும் அது முற்றாக வழக்கொழிந்திலது. இச்சொல்லைப் பிரித்து நோக்கின் கற்பு ஒருபாலும் அழிப்பு மறுபாலும் நிற்கும். தொல்காப்பியப் பொருளதிகாரம் கற்பு என்பதைக் களவின் பின்னர்க் கரணத்தோடு தொடங்கும் இல்வாழ்க்கை முறையாக வகுத்துக் கூறுகின்றது. பின்வந்த இலக்கியங்களில் அது மனத்திண்மை என்னும் பொருளைப் பெற்றது. மகளிரைச் சிறையிட்டுக் காத்தலாற் பயனில்லை, அவர் தம் நிறையாற் காக்குங் காவலே தலையாயது என்பது வள்ளுவர் கருத்து. இவ்விரு பொருளுள் எதனைக் கொள்ளினும், கற்பு என்பது உடையாளிடத்தேயுள்ள ஒழுக்கம் அல்லது உறுதி. ஒருத்தியின் உறுதியை அவள் இசைவின்றிப் பிறனொருவன் எங்ஙனம் அழித்தல் கூடும்? பொருளைக் களவாடலாம், உடலைக் காயப்படுத்தலாம், மனத்திண்மையைப் பறித்துச்செல்ல யாராலும் இயலாது. ஆகவே பழந்தமிழ்க் கொள்கையை அளவுகோலாகக் கொண்டு பார்ப்பினும் ‘கற்பழிப்பு’ என்பது பொருந்தாத் தொடரேயாம்.

இதனினும் பெரிய குறை வேறொன்றுண்டு. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டில் ஆக்கப்பட்டது. அதன் 363ஆம் பிரிவு இக்குற்றத்தை வரையறுக்கின்றது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அப்பிரிவைத் திருத்தியமைத்தது. அவ்வரைவிலக்கணத்தின் அச்சாணி பெண்ணின் சம்மதம் என்பதே. சம்மதம் இருந்ததா, இருந்ததாயின் அச்சுறுத்தலின்றிப் பெறப்பட்டதா என்பனவே அங்கு எழும் வினாக்கள். அப்பெண் எத்தகையவள் என்பது வரைவிலக்கணத்தில் இடம்பெறவில்லை. சம்மதமின்மையை நாட்டுதற்கு உடற்காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளம் இன்றியமையாததன்று என்பதையும் 1995இன் திருத்தம் விளக்கமாகச் சேர்த்தது. சட்டம் இசைவைப் பற்றிப் பேசச் செய்தித்தாள் கற்பைப் பற்றிப் பேசுகின்றது. ‘கற்பழிப்பு’ எனும்போது, அழிக்கப்படுதற்குரிய கற்பு அவளிடம் இருந்ததா என்னும் வினா சொல்லின் உள்ளேயே ஒளிந்து நிற்கின்றது. அதனால், விசாரிக்கப்படுபவன் குற்றவாளியாகாது, குற்றத்துக்கு ஆளானவள் ஆகின்றாள். மேலும், அழிந்தது மீளாது. உயிரோடிருக்கும் ஒருத்தியை நோக்கி, ‘உன்னிடம் மதிக்கத்தக்கது யாதோ அது அழிந்துவிட்டது’ என்று ஊரறியச் சாற்றுதற்கு ஒப்பானது அச்சொல்.

இவ்வுண்மையைத் தமிழ்ப் புனைகதை செய்தித்தாளினும் முந்தியே உணர்ந்துகொண்டது. 1943இல் புதுமைப்பித்தன் எழுதிய ‘சாப விமோசனம்’ அகலிகையின் கதையை அவள் பக்கத்தினின்று மீள நோக்கியது. 1966இல் ‘ஆனந்த விகட’னில் வெளிவந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதையில், மழை நாளொன்றில் அந்நியன் ஒருவனின் காரில் ஏறிச் சென்று கலங்கித் திரும்பும் மாணவியைத் தாய் ஊருக்குக் காட்டிக்கொடுக்கவில்லை. தலையில் நீரூற்றித் தூயவளென ஏற்றுக்கொள்கின்றாள். அக்கதை அந்நாளில் எழுப்பிய எதிர்ப்பு சிறிதன்று. அத்தாயின் செய்கையிலுள்ள கருத்து யாதெனில், நிகழ்ந்தது பெண்ணின் குணத்தில் ஏற்பட்ட மாசு அன்று என்பதே. அரை நூற்றாண்டுக்கு முன்னர் ஒரு சிறுகதை எட்டிய இத்தெளிவைச் செய்தித்தலைப்புக்கள் பல இன்றும் எட்டவில்லை.

‘கற்பழிப்பு’க்கு மாற்றாக வந்த சொற்களும் ஒரு தன்மையன அல்ல. ‘மானபங்கம்’ என்பது குற்றத்தைப் பெண்ணின் மானத்தோடு பிணைத்துப் பழைய பிழையையே புது வடிவிற் செய்கின்றது. ‘சீரழிப்பு’ என்பதும் அத்தகையதே. இலங்கைப் பத்திரிகைகளில் மிகுதியாக வழங்கும் ‘துஷ்பிரயோகம்’ என்பது ஊன்றி நோக்கத்தக்கது. பிரயோகம் என்பது பயன்படுத்துதல். துஷ்பிரயோகம் தீய வகையிற் பயன்படுத்துதல். அதிகாரத்தையும் பொதுப்பணத்தையும் துஷ்பிரயோகஞ் செய்தல் கூடும்; அவை பயன்பாட்டுக்குரியவை. பெண்ணும் சிறுமியும் பயன்பாட்டுக்குரிய பொருள்கள் அல்லராதலின் இச்சொல் அவர்க்குப் பொருந்துமாறில்லை. அன்றியும், தொடுதல் முதல் வல்லுறவு ஈறாக எல்லாவற்றையும் இவ்வொரு சொல்லே குறித்தலால் குற்றத்தின் அளவும் மறைந்துபோகின்றது. இவற்றோடு ஒப்பிடுங்கால் ‘வல்லுறவு’, ‘வன்புணர்ச்சி’, ‘பாலியல் வன்கொடுமை’ என்பன மேம்பட்டவை. இவற்றின் முன்னிற்கும் ‘வன்மை’ குற்றத்தைச் செய்தவன்பாற் சுட்டுகின்றது. ஒருவன் செய்த வன்செயலே செய்தியாகின்றது. ஒருத்தி இழந்தது எதுவெனும் ஆராய்ச்சி அன்று.

சொல்லினின்று சொற்றொடர்க்குச் சென்றால் வேறொரு தன்மை புலப்படும். இச்செய்திகள் பெரும்பாலும் செயப்பாட்டுவினையிலே முடிகின்றன. செயப்பாட்டுவினைத் தொடரில் செயப்படுபொருள் எழுவாயாய் நிற்கும்; வினைமுதல் மூன்றாம் வேற்றுமை ஏற்கும்; எழுதுவோன் விரும்பின் முற்றாக மறைந்தும் போகும். ‘யுவதி வல்லுறவுக்குட்படுத்தப்பட்டார்’ என்னுந் தொடரில் யுவதி உளள், வல்லுறவு உளது, செய்தவன் இலன். கொள்ளைச் செய்தியும் இவ்வாறே எழுதப்படுகின்றது என்பர் சிலர். உண்மையே, ஆயின் வீடு கொள்ளையிடப்பட்டது என்று படித்த எவரும் வீட்டின் ஒழுக்கத்தை ஐயுறுவதில்லை. இங்கோ வினைமுதல் மறைந்தவுடன் வாசகரின் மனம் எஞ்சியிருக்கும் ஒரே ஆளாகிய பெண்ணிடம் காரணந் தேடுகின்றது. செய்தியாளரும் அத்தேடலுக்குத் துணைபுரிகின்றார். ‘இரவு பத்து மணியளவில் தனியே சென்ற’, ‘காதலனுடன் கடற்கரைக்குச் சென்ற’, ‘கணவனைப் பிரிந்து வாழும்’ என்னும் பெயரெச்சத் தொடர்கள் அவள் பெயர்க்கு அடையாக வரிசைப்படுகின்றன. இலக்கணத்தில் அவை அடைமொழிகள், பயனிற் குற்றச்சாட்டுக்கள்.

தீர்ப்புக்கு முன் ஒருவரைக் குற்றவாளியென எழுதலாகாது என்னும் சட்டத்தடையே செயப்பாட்டுவினைக்குக் காரணம் எனக் கூறப்படுவதுண்டு. அத்தடை நியாயமானதே. எனினும் அதனைப் பேணியே செய்வினையில் எழுதுதல் கூடும். ‘மூவர் தம்மைத் தாக்கி வல்லுறவு புரிந்தனர் என அப்பெண் முறைப்பாடு செய்துள்ளார், பொலிசார் இருவரைக் கைதுசெய்து மூன்றாமவரைத் தேடுகின்றனர்’ என்னும் வாக்கியத்தில் எவருடைய உரிமையும் கெடவில்லை. செய்தோர் உளர் என்பதும் தெளிவாகின்றது. பெண்ணும் பேசுபவளாய் நிற்கின்றாள்.

இன்னும் இழிந்த வழக்கு ஒன்று தமிழகத்துச் செய்தி உரைநடையில் வேரூன்றியுள்ளது. ‘ஆசை வார்த்தை கூறி அழைத்துச் சென்று உல்லாசம் அனுபவித்தான்’ என்பது அதன் வாய்பாடு. உல்லாசம் என்பது மகிழ்ச்சி. சிறுமி ஒருத்தி ஏமாற்றப்பட்டு வன்முறைக்கு ஆளான செய்தியிலும் இவ்வாய்பாடு இடம்பெறக் காணலாம். இங்கே நிகழ்ச்சி யாருடைய அனுபவமாகச் சொல்லப்படுகின்றது? குற்றவாளியின் அனுபவமாக. செய்தி எழுதுவோன் தான் அறியாமலே அவன் கண்ணைத் தன் கண்ணாகப் பெற்றுக்கொண்டு எழுதுகின்றான். வாசகனுக்கும் அக்கண்ணையே வழங்குகின்றான். ‘அழகி’, ‘இளம்பெண்’ என்னும் சொற்கள் தலைப்பில் இடம்பெறுவதும் இந்நோக்கினாலேயே. துன்பத்தை விற்பனைச் சரக்காக்கும் இம்முறையை நாகரிகமான மொழி எனல் இயலாது.

இதற்கு நேர்மாறாகத் தோன்றும் வழக்கொன்றும் உண்டு. குற்றவாளியை ‘மிருகம்’, ‘காமக்கொடூரன்’, ‘அரக்கன்’ என்று தூற்றுவதே அது. பெண்ணுக்காகப் பரிந்து எழுவதுபோல் அது தோன்றினும் அதன் விளைவு நன்றன்று. அரக்கன் ஊருக்கு வெளியே காட்டில் வாழ்பவன். குற்றவாளியை அரக்கனாக்கியதும் ஊரும் உறவும் குற்றத்தினின்று விடுபடுகின்றன. உண்மை நிலையோ வேறு. இந்தியத் தேசியக் குற்றப்பதிவு அலுவலகத்தின் ஆண்டறிக்கைகள், வல்லுறவு வழக்குகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றிற் குற்றஞ்சாட்டப்பட்டவர் பெண்ணுக்கு ஏற்கெனவே அறிமுகமானவர் என்று பல ஆண்டுகளாகக் காட்டிவருகின்றன. இலங்கையிற் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வு, ஐந்து பெண்களில் ஏறத்தாழ ஒருவர் தம் வாழ்நாளில் வாழ்க்கைத்துணையின் கையால் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளானதைக் காட்டியது. பிரான்சு நாட்டின் அவிஞ்ஞோன் நகரில் 2024ஆம் ஆண்டின் இறுதியில் முடிவுற்ற வழக்கில், ஒரு பெண்ணுக்கு மயக்கமருந்து கொடுத்துப் பல ஆண்டுகளாக இழைக்கப்பட்ட கொடுமைக்காக அவர் கணவர் உட்பட 51 ஆடவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அவர்களுள் தீயணைப்பு வீரரும் லொறிச் சாரதியும் மருத்துவத் தாதியும் இருந்தனர். அரக்கரைத் தேடுபவர் கண்ணுக்கு இவர்கள் ஒருபோதும் அகப்படார்.

எழுதும் முறையினும் ஆழ்ந்த தவறு, எதனை எழுதுவது எதனை விடுவது என்னும் தெரிவிலே உள்ளது. 2012 திசெம்பர் 16ஆந் திகதி டில்லி மாநகரிற் பேருந்தொன்றில் மாணவி ஒருவருக்கு நிகழ்ந்த கொடுமையை இந்தியச் செய்தித்துறை முழுவதும் ஒரு முகமாக எடுத்துரைத்தது. மக்கள் வீதிக்கு வந்தனர். நீதிபதி வர்மா தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2013 சனவரி 23ஆந் திகதியிலேயே தன் அறிக்கையை அளித்தது. அவ்வாண்டிலேயே குற்றவியற் சட்டம் திருத்தப்பட்டது. செய்தித்துறை மனங்கொண்டால் ஆற்றக்கூடியது எவ்வளவு என்பதற்கு இஃது ஒரு சான்று.

இதனோடு வாச்சாத்தியை ஒப்பிடுக. தருமபுரி மாவட்டத்திற் சித்தேரி மலையடிவாரத்துப் பழங்குடிச் சிற்றூர் அது. சந்தனக்கட்டை தேடுகின்றோம் என்று 1992 யூன் 20ஆந் திகதி வனத்துறையினரும் பொலிசாரும் வருவாய்த்துறையினரும் அவ்வூரிற் புகுந்தனர். வீடுகள் நொறுக்கப்பட்டன, 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளாயினர். அவ்வூர் தலைநகர்க்குத் தொலைவில் இருந்தது. குற்றஞ்செய்தோர் அரசாங்க உடை தரித்திருந்தனர். துன்புற்றோர் எழுத்தறிவு குறைந்த ஏழை மலைவாழ் மக்கள். அதிகாரிகளின் கூற்றே செய்தியின் மூலமாக அமையும் வழக்கத்தில், கள்ளக்கடத்தற்காரரின் ஊரில் நடந்த சோதனை என்னும் அளவிலே அந்நிகழ்ச்சி அடங்கிப்போயிருக்கும். அங்ஙனம் அடங்காது காத்தது பழங்குடி மக்கள் சங்கமும் இடதுசாரி இயக்கத்தாரும் தளராது நடத்திய போராட்டமே. 1995இற் சென்னை உயர்நீதிமன்றம் நடுவண் புலனாய்வுத்துறையின் விசாரணைக்குக் கட்டளையிட்டது. 269 அலுவலர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2011 செப்தெம்பர் 29ஆந் திகதி, உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளெனத் தீர்ப்பளிக்கப்பட்டது. அவருள் 17 பேர் வல்லுறவுக் குற்றவாளிகள். உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது 2023 செப்தெம்பர் 29ஆந் திகதி. டில்லிக்குச் சட்டம் வர ஓராண்டும் ஆகவில்லை. வாச்சாத்திக்கு இறுதி உறுதி கிட்ட முப்பத்தொரு ஆண்டு சென்றது. இவ்வேறுபாட்டுக்குச் செய்தித்துறையே முழுக்காரணம் என்பது மிகையாகும். ஆயினும், வாசகரைப் போன்ற ஒருத்திக்கு நேர்ந்தது நாட்டின் துயராகவும், வாசகரைப் போலல்லாத பதினெண்மர்க்கு நேர்ந்தது மாவட்டச் செய்தியாகவும் கணிக்கப்படுவதில் அதற்குப் பங்குண்டு என்பதை மறுத்தல் அரிது.

அடுத்து ஆராயவேண்டியது பெயரும் படமும் வெளியிடுதல் பற்றியது. மகாராட்டிரத்திற் பொலிஸ் நிலையமொன்றில் 1972இற் பழங்குடிச் சிறுமி ஒருத்திக்கு இழைக்கப்பட்ட கொடுமையில், பொலிசார் இருவரை இந்திய உச்ச நீதிமன்றம் 1978இல் விடுவித்தது. அவள் உடலிற் காயமில்லை என்பது அத்தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று. 1979இற் சட்டப் பேராசிரியர் நால்வர் பகிரங்கக் கடிதம் எழுதிக் கண்டித்தனர். அக்கண்டனமும் அதனைத் தொடர்ந்த கிளர்ச்சியும் 1983இன் சட்டத்திருத்தத்துக்கு வித்திட்டன. துன்புற்றவரின் பெயரை வெளியிடுதலைக் குற்றமாக்கும் பிரிவும் அத்திருத்தத்தாலேயே இந்திய தண்டனைச் சட்டத்திற் புகுந்தது. இலங்கையில் 1995இன் திருத்தம் புகுத்திய 365இ பிரிவும் அத்தகையதே. அனுமதியின்றி அடையாளத்தை வெளியிடுவோர்க்கு இரண்டாண்டு வரை சிறைத்தண்டனையை அது விதிக்கின்றது.

சட்டம் இருந்தும் வழக்கம் மாறவில்லை. 2015ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துத் தீவகத்திற் பாடசாலை மாணவி ஒருவர் கொல்லப்பட்டபோது அவருடைய பெயரும் படமும் ஏடுகள்தோறும் திரைகள்தோறும் பரவின. 2018இற் சம்மு காஷ்மீரத்துச் சிறுமி ஒருத்தியின் பெயரையும் படத்தையும் வெளியிட்டமைக்காகச் செய்தி நிறுவனங்கள் பன்னிரண்டு தலா பத்து இலட்சம் ரூபா செலுத்துமாறு டில்லி உயர்நீதிமன்றம் பணித்தது.

பெயரை மறைத்தல், நாணவேண்டியவள் அவளே என்னும் பழங்கருத்துக்கு இடங்கொடுப்பதாகாதா என்பர் ஒருசாரார். இவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. டில்லி மாணவியின் தாயார் 2015இல் தம் மகளின் பெயரைப் பொதுமேடையில் தாமே உரைத்தார். அவிஞ்ஞோன் வழக்கிற் கொடுமைக்காளான பெண்மணியும் மூடிய மன்றை மறுத்து, வெட்கம் குற்றவாளிகளைச் சாரவேண்டுமென்று கூறித் தம் பெயரோடு வெளிவந்தார். எனினும் இவ்விரு நிகழ்ச்சிகளும் சட்டத்தை மறுப்பனவல்ல. அதன் உட்பொருளை விளக்குவன. தம் பெயரைத் தாமே சொல்லுதல் உரிமை. பிறர் பெயரைப் பிறர் அச்சிடுதல் பறிப்பு. இசைவின்மையே அடிப்படையாகவுள்ள குற்றத்தைப் பற்றி எழுதும்போது, இசைவு பெறாது பெயரையும் முகத்தையும் எடுத்தாளுதல் அக்குற்றத்தின் இயல்பையே ஒருவகையில் மீண்டும் செய்வதாகும்.

குற்றஞ்சாட்டப்பட்டோர்பாற் செய்தித்துறை கொள்ளவேண்டிய கடப்பாடும் உண்டு. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் செய்த பிழை யாது? பொற்கொல்லன் சொல்லை ஆராயாது உண்மையெனக் கொண்டதே. முதனாளிலேயே பொலிசாரின் கூற்றைத் தீர்ப்பாக்கி வெளியிடும் ஏடும் அப்பிழையையே செய்கின்றது. மேற்சொன்ன தீவக வழக்கில் மக்களின் சினம் எல்லைகடந்து, 2015 மே 20ஆந் திகதி யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத் தொகுதியே தாக்குதலுக்கு உள்ளாயிற்று. 2017 செப்தெம்பரில் விசாரணை மன்று எதிரிகள் ஒன்பதின்மருள் எழுவர்க்கு மரணதண்டனை விதித்து இருவரை விடுதலை செய்தது. ஒன்பதின்மரையும் ‘கொலைஞர்’ எனத் தொடக்கத்திலேயே எழுதியிருக்கும் பேனா அவ்விருவர் திறத்தில் எவ்வாறு தன்னைத் திருத்திக்கொள்ளும்? அன்றியும், கைதான நாளிற் பெருந்தலைப்பும் தீர்ப்பு நாளிற் சிறுபத்தியும் பெறும் செய்தி நீதியின் போக்கை வாசகர்க்குக் காட்டுவதில்லை. சினத்தை மட்டுமே வளர்க்கின்றது.

இவ்வாறெல்லாம் வரையறுத்தால் செய்தி உயிரற்றதாகும், கொடுமையின் கடுமை மறைந்துபோகும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் காரணமற்றது. வாச்சாத்தியின் கொடுமையை உணர்த்துதற்கு அடைமொழி எதுவும் வேண்டியதில்லை. பதினெட்டுப் பெண்கள், 215 அரசாங்க அலுவலர், முப்பத்தொரு ஆண்டுகள் என்னும் எண்களே போதும். எண்ணும் நாளும் சட்டப்பிரிவும் விசாரணையின் தாமதமும் உண்மைகள். உல்லாசமும் அழகியும் அரக்கனும் ஒப்பனைகள். ஒப்பனை களையப்படுமிடத்து உண்மை வலிமை பெறுமேயன்றிக் குன்றாது.

ஆகவே நல்ல செய்தியின் இலக்கணம் அரிதானதன்று. செய்தவனை வினைமுதலாக நிறுத்துதல். பெண்ணின் உடையையும் நேரத்தையும் நட்பையும் காரணம்போற் காட்டாமை. இசைவின்றி அவள் அடையாளத்தை வெளியிடாமை. தீர்ப்புக்கு முன் தீர்ப்புக் கூறாமை. தொடங்கிய செய்தியைத் தீர்ப்பு வரை தொடர்தல். தொலைவிலுள்ள சிற்றூரின் குரலுக்கும் தலைநகரின் குரலுக்குக் கொடுக்கும் செவியையே கொடுத்தல். இவற்றைப் பேணுதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டா. சொல்லின்மீது சிறிது கவனமும், சொல்லப்படும் மனிதர்மீது மிகுந்த மதிப்பும் வேண்டும்.

தமிழர் சொல்லைப் பொருளினின்றும் பிரித்து நோக்கியவர் அல்லர். சொல்லின் பிழை பொருளின் பிழையாய் முடியும் என்பதை அறிந்தே இலக்கணம் வகுத்தனர். ‘கற்பழிப்பு’ என்னும் ஒரு சொல்லைக் கைவிடுவதால் ஒரு குற்றமும் குறைந்துவிடாது என்பது மெய்யே. ஆயினும், குற்றத்துக்கு ஆளான ஒருத்தி மறுநாட் காலையிற் செய்தித்தாளை விரிக்கும்போது அதிலே தன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிற்பவளாகக் காணாதிருப்பாள். முறைப்பாடு செய்வதா விடுவதா என்று தயங்கி நிற்கும் இன்னொருத்திக்கு அதுவே துணிவாகவும் அமையலாம். செய்தி உரைநடை செய்யக்கூடிய அறங்களுள் இது சிறியதன்று.